நாம் குடியிருக்கும் மண்ணுக்கும் ஒரு நாட்டு மாடு உண்டு: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

இல்லினாய், மினசோட்டா, ஐயோவா, மிசூரி, கேன்சஸ், நெப்ராஸ்கா, ஒக்லஹோமா, டெக்சஸ், கொலராடோ மாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நிர்வாகிகளுக்கும், சந்தா கட்டி, விழாவுக்கு வந்து, பந்தி பரிமாறி, கடைசியில் மண்டபத்தைக் கூட்டிவிட்டுப் போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரும் மாட்டுப் பொங்கலையும், பைசன் என்னும் இந்த மண்ணின் நாட்டு மாட்டையும் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. கோரிக்கை சின்னதுதான். அதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் பெரிது, அதனால் மடல் நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

2017 ஜனவரியை மறந்திருக்க மாட்டீர்கள். மெரினாவில் பிள்ளைகள் ஜல்லிக்கட்டுக்காக இரவு பகலாக உட்கார்ந்திருந்த அந்த வாரம், இங்கேயும் நாம் தெருவுக்கு வந்தோம். சிகாகோ குளிரில் நானும் நின்றேன். கையுறை போட்டிருந்தும் விரல் மரத்துப்போனது. கையில் பிடித்திருந்த அட்டையில் காங்கேயம், புலிக்குளம், உம்பளாச்சேரி, ஆலம்பாடி, பர்கூர் என்று என் மகள் வண்ணப் பேனாவால் எழுதித் தந்திருந்தாள். நாட்டு மாடு போனால் அதை வளர்த்த மேய்ச்சல் நிலம் போகும், நிலம் போனால் அதை நம்பிய மனிதரும் போவார்கள் என்று வழியில் நின்று கேட்ட அமெரிக்கர்களிடம் எல்லாம் சொன்னோம். உண்மையாகத்தான் சொன்னோம்.

அந்த வருடம் மே மாதம் அப்பா ஊரிலிருந்து வந்தார். காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். வாழ்நாள் முழுக்க மாட்டோடு இருந்தவர். விஸ்கான்சின் போகும் வழியில் பண்ணைகளில் நின்ற கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மாடுகளைக் கார் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று கேட்டார்: "இதெல்லாம் நம்மூர்ல ஊசி போட்ட சீமை மாடுதானே கண்ணு. இந்தச் சீமைக்கு நாட்டு மாடு எது?"

பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கு அரோரா பாலாஜி கோயில் தெரியாமல் இருக்காது. அங்கிருந்து காரில் கால்மணி நேரத்தில் பட்டேவியா. அங்கே ஃபெர்மிலாப் என்னும் இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் வயோமிங்கில் பிறந்தவர். 1969-ல் ஒரு காளையும் நான்கு பசுக்களுமாக ஐந்து பைசன்களைக் கொண்டுவந்து அந்த வளாகத்தில் விட்டார். அந்த மந்தை இன்றும் இருக்கிறது. கோயிலுக்கு எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். அப்பா கேட்ட பிறகுதான் அந்த வேலியோரம் முதல்முறையாகப் போய் நின்றேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பத்திரிகைகள் இதைக் காட்டெருமை என்று எழுதுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பார்க்கும் காட்டுமாட்டையும் அதே பெயரில்தான் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. இது எருமையும் இல்லை, மாட்டுக்கு நெருங்கிய சொந்தம். இந்தச் சமவெளிப் பழங்குடிகளான லக்கோட்டா மக்கள் இதன் காளையைத் தத்தாங்கா என்பார்கள். குழப்பம் வேண்டாம் என்று இங்கே பைசன் என்றே எழுதுகிறேன்.

அப்பா முதலில் பார்த்தது திமிலை. கழுத்துக்குப் பின்னால் மலைபோல ஏறி நின்ற அந்தத் திமிலைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நம் காங்கேயம் காளையின் திமில் சதை. பைசனின் திமிலுக்குள் முதுகெலும்பிலிருந்து எழும்பிய நீண்ட முட்கள் இருக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டு கனத்த தசை. பனிக்காலத்தில் இந்தத் தசையின் பலத்தில்தான் அது தலையை இடமும் வலமும் வீசிப் பனியை வழித்து, அடியில் கிடக்கும் புல்லைத் தின்கிறது. கொட்டகை வேண்டாம், தீவனம் வேண்டாம். பனிப்புயலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நிற்கிற மாடு இது.

அப்புறம் கன்றுகளைப் பார்த்தார். பழுத்த ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து கன்றுகள் தாயின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தன. "கன்னு செவலையா இருக்குது பாரு, நம்மளுதாட்டவே" என்றார். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறும் என்பது மாடு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். பைசன் கன்றும் அப்படியே. செவலையாகப் பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் கருத்துத் தாயின் நிறத்துக்கு வந்துவிடும். ஒன்பது மாதச் சினை, ஏப்ரல் மே மாதத்தில் ஈற்று. அப்பா விரல்விட்டு மாதக் கணக்கு போட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பெரிய காளை ஒன்று நடந்து வந்து, புல் இல்லாத வெறும் மண் குழியில் தொப்பென்று விழுந்து புரண்டது. நாலு காலும் மேலே. தூசி எழும்பி எங்கள் மேல் வந்தது. "மாடு எங்கியாச்சும் மண்ணுல பொரளுமா? கழுதையல்ல பொரளும்!" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் கேட்டதில் இந்த நிலத்தின் பாதி ரகசியம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. பைசன் புரண்டு புரண்டு அந்த இடம் குழியாகிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். தவளை முட்டையிடும், வேறெங்கும் முளைக்காத செடிகள் அங்கே முளைக்கும். மந்தை போய் நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் சில இடங்களில் அந்தக் குழிகளின் வட்டம் நிலத்தில் தெரிகிறது.

சரி, இந்த மாடு எங்கே போயிற்று?

வெள்ளையர் வருவதற்கு முன் இந்தக் கண்டத்தில் மூன்று கோடியிலிருந்து ஆறு கோடி பைசன் வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1880-களின் முடிவில் ஆயிரத்தைச் சுற்றித்தான் மிஞ்சின. ரயில் பாதை மந்தையை வடக்கு தெற்கு என்று இரண்டாக வெட்டியது. 1870-களின் தொடக்கத்தில் பைசன் தோலைப் பதனிட்டு ஆலை இயந்திரங்களுக்கு வார் செய்யும் வழி கண்டுபிடித்தார்கள். அதோடு முடிந்தது. தோலை உரித்துவிட்டு உடலை அப்படியே விட்டுப் போனார்கள். பிறகு எலும்பையும் பொறுக்கி வண்டி வண்டியாக உரத்துக்கு அனுப்பினார்கள். ராணுவம் இதைத் தடுக்கவில்லை. பைசன் ஒழிந்தால் சமவெளிப் பழங்குடிகள் பசியால் பணிவார்கள் என்று தளபதிகளே வெளிப்படையாகப் பேசினார்கள்.

எனக்கு மிகவும் வலித்தது பழங்குடிகளோடு அமெரிக்க அரசு 1868-ல் எழுதிய ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தின் ஒரு வரி. லக்கோட்டாக்களும் அவர்களோடு கையெழுத்திட்டவர்களும் தங்களுக்கென ஒதுக்கிய நிலத்துக்கு வெளியேயும் வேட்டையாடலாம், ஆனால் வேட்டைக்குப் போதுமான அளவு பைசன் அங்கே திரியும்வரைதான் என்று அதில் எழுதியிருக்கிறது. மாடு இருக்கும்வரை உரிமை. மாட்டை அழித்துவிட்டால் உரிமையும் போயிற்று. ஒரு காகிதத்தைக் கிழிக்காமலே ஒரு மக்களின் நிலத்தைப் பிடுங்க முடியும் என்பதை நான் அங்கேதான் படித்தேன். பைசனை நம்பியிருந்த அந்த மக்கள் அன்று உலகிலேயே மிக உயரமானவர்களில் சேர்ந்தவர்கள். மந்தை போன பிறகு பிறந்த தலைமுறையின் உயரம் குறைந்துபோனதைப் பொருளாதார ஆய்வாளர்கள் பழைய அளவுக் குறிப்புகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளின் சாவு கூடியது. அந்த இழப்பின் தடம் வருமானத்தில் இன்றுவரை தெரிகிறது.

மிஞ்சிய சொற்பத்தையும் காப்பாற்றியதில் அரசுக்கு இருந்த பங்கைவிடத் தனி ஆட்களுக்கு இருந்த பங்கு பெரிது. 1902-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காட்டு மந்தை என்று இருந்தவை இரண்டு டஜன்தான். டெக்சஸில் சார்லஸ் குட்நைட் என்ற பண்ணையாரின் மனைவி மேரி ஆன், தாயிழந்த கன்றுகளை எடுத்து வளர்த்தார். அந்த வழியில் வந்த மந்தை இன்று கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் மேய்கிறது. 1907-ல் நியூயார்க் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவிலிருந்து 15 பைசன்களை ரயிலேற்றி ஒக்லஹோமாவின் விச்சிட்டா மலைக்கு அனுப்பினார்கள். கொமாஞ்சிப் பழங்குடித் தலைவர் குவானா பார்க்கர் அவற்றை வரவேற்க வந்திருந்தார். புல்வெளியில் பிறந்த மாடு நகரத்திலிருந்து ரயிலில் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

இதையெல்லாம்விட என் மனதில் நிற்பது மொன்டானா கதை. 1870-களில் ராக்கி மலைக்குக் கிழக்கே பிடித்த சில கன்றுகளைப் பழங்குடிக்காரர்கள் மலை தாண்டி பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலமான ஃபிளாட்ஹெட் ரிசர்வேஷனுக்கு ஓட்டி வந்தார்கள். அந்தச் சிறு மந்தையை மிஷேல் பாப்லோ, சார்லஸ் அலார்ட் என்ற இருவர் வாங்கிப் பெருக்கினார்கள். பிறகு ரிசர்வேஷன் நிலத்தையே வெளியாருக்குத் திறந்துவிட அரசு முடிவு செய்தது. மேய்ச்சலுக்கு இடமில்லை. பாப்லோ அமெரிக்க அரசிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார், நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. கனடா வாங்கிக்கொண்டது. 1907-லிருந்து 1912 வரை எழுநூறு பைசனுக்குமேல் ரயிலில் எல்லை தாண்டின. அவற்றின் வாரிசுகள் அல்பர்ட்டாவின் எல்க் ஐலண்ட் பூங்காவில் பெருகின. 2016 ஏப்ரலில் அங்கிருந்து 87 கன்றுகள் மொன்டானாவின் பிளாக்ஃபீட் பழங்குடிகளின் நிலத்துக்கு வந்து இறங்கின. 2023-ல் அந்த மந்தையில் ஒரு பகுதியைச் சீஃப் மவுண்டன் அடிவாரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். பாப்லோவின் பைசன்கள் ரயிலேறத் தொடங்கி 109 வருடம் கழித்து அவற்றின் பேரன் பேத்திகள் திரும்பி வந்தன. இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்கிறார்களா என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப்பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

மாடு திரும்பினால் நிலத்துக்கு என்ன ஆகும்? இதற்குக் கேன்சஸ் மாநிலத்தில் கோன்ஸா புல்வெளியில் கிட்டத்தட்ட முப்பது வருடம் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பைசன், ஓரிடத்தில் மாடு, ஓரிடத்தில் மேய்ச்சலே கிடையாது. 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். மேய்ச்சல் இல்லாத நிலத்தோடு ஒப்பிட்டால் பைசன் மேய்ந்த நிலத்தில் மண்ணின் சொந்தச் செடி வகைகள் 103 சதவீதம் கூடுதல். மாடு மேய்ந்த நிலத்தில் 41 சதவீதம். இடையில் நாற்பது வருடத்தில் காணாத வறட்சி ஒன்று வந்தும் பைசன் நிலத்தின் செடிகள் தாக்குப்பிடித்தன.

காரணம் அது மேயும் விதம். பைசன் பெரும்பாலும் புல்லைத்தான் தின்னும், பூச்செடியை விட்டுவிடும். உயரமாய் வளரும் புல் வெளிச்சத்தை மறைத்து மற்றதை அமுக்காமல் அதுதான் பார்த்துக்கொள்கிறது. மாடு தண்ணீர்த் தொட்டியையும் நிழலையும் சுற்றி நிற்கும். பைசன் நடந்துகொண்டே மேயும். எரிந்து புதிதாய்த் தளிர்த்த இடத்தைத் தேடிப் போகும், மேய்ந்த இடம் பிறகு ஓய்வெடுக்கும். வசந்தத்தில் அது உதிர்க்கும் மயிரை எடுத்துப்போய்க் குருவி கூடு கட்டும். சாணியில் வண்டு வேலை செய்யும். இந்தப் புற்களின் வேர் ஆளுயரத்துக்கும் கீழே போகிறது. இல்லினாய், ஐயோவாவின் கரிசல்போன்ற கறுப்பு மண் ஆயிரக்கணக்கான வருடம் அந்த வேர்கள் மக்கி உருவானது. இன்று மக்காச்சோளம் விளையும் மண் அதுதான். நம் வீடுகள் நிற்பதும் அதன்மேல்தான்.

எங்கள் ஊரில் கொறங்காடு என்று ஒரு மேய்ச்சல் காடு உண்டு. கிளுவை முள்வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காட்டைத் தடுத்து வைத்து ஒன்றில் மேயவிடுவார்கள், மற்றதைப் பூட்டுவார்கள். அந்தக் காடு இல்லாமல் காங்கேயம் மாடு கிடையாது. ஃபெர்மிலாப் வேலியில் நின்று அப்பா கேட்டார்: "இந்தக் காட்டை மாத்தி மாத்தித் தடுத்து உடறாங்களா? ஒரே காட்டுல உட்டா புல்லு வேரோட போயிரும்." அங்கே வேலை பார்த்த பெண்மணி ஒருவரிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேய்ச்சல் நிலத்தைப் பிரித்துச் சுற்றி விடுவதாகக் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். அதன்பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை.

இல்லினாய்க்குப் புல்வெளி மாநிலம் என்றுதான் பட்டப்பெயர். இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் இருந்த 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று பழைய நிலையில் இல்லை. உயரமாய்ப் புல் வளரும் உயர்புல் வெளி என்று எடுத்துக்கொண்டால் கண்டம் முழுக்க மிஞ்சியது 4 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பகுதி கேன்சஸ், ஒக்லஹோமாவின் ஃபிளின்ட் குன்றுகளில் இருக்கிறது. அங்கே பாறை மண், ஏர் இறங்கவில்லை. தப்பித்தது அதனால்தான்.

இப்போது இந்த நாட்டில் தனியார் பண்ணைகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பைசன் இருக்கின்றன. உள்துறை அமைச்சகத்தின் நிலங்களில் இருப்பவை 11,000 சொச்சம். 2016-ல் பைசனை நாட்டின் தேசியப் பாலூட்டி என்றும் அறிவித்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்து, காப்பாற்றியாகிவிட்டதே என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். பண்ணை பைசனில் பெரும்பகுதி இறைச்சிக்கு வளர்வது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன், பண்ணைக்காரர்கள் இல்லாவிட்டால் இந்த மாடே இருந்திருக்காது. ஆனால் பிறந்ததிலிருந்து புல்லில் இருந்த பைசனைக் கடைசி மூன்று நான்கு மாதம் பட்டியில் அடைத்துத் தானியம் போட்டுக் கொழுக்க வைப்பது இங்கே பரவலான வழக்கம். பைசனுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அது நல்லது. ஆனாலும் கூட்டமாய் நடந்து மேய வேண்டிய உயிரைச் சேற்றுப் பட்டியில் நிறுத்தினால் நிலத்துக்கு அது செய்யும் வேலை அத்தனையும் நின்றுபோகிறது. வேண்டியது புல்லிலேயே பிறந்து, புல்லிலேயே முடியும் பைசன். நிலம் தாங்கும் அளவுக்குத்தான் எண்ணிக்கை, கூடினால் குறைப்பது, அடிக்காமல் விரட்டாமல் நிதானமாய்க் கையாள்வது, முடிந்தால் லாரியில் ஏற்றி அலைக்கழிக்காமல் மேய்ந்த இடத்திலேயே ஒரே தோட்டாவில் முடிப்பது. இப்படிச் செய்யும் பண்ணைகளும் பழங்குடி மந்தைகளும் இருக்கின்றன.

இன்னொன்று, கலப்பினம். நம் ஊரில் ஜெர்சி ஊசி என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். இங்கே 1800-களின் கடைசியில் பைசனையும் மாட்டையும் சேர்த்துப் புது இனம் உண்டாக்கப் பல பண்ணையார்கள் முயன்றார்கள். அதன் விளைவு, இன்று பரிசோதித்த முக்கிய மந்தைகள் எல்லாவற்றிலும் மாட்டின் மரபணு கொஞ்சமாவது கலந்திருப்பதாக 2022-ல் வந்த ஆய்வு சொல்கிறது. யெல்லோஸ்டோன் பைசன் குளிர்காலத்தில் பூங்காவைத் தாண்டி வந்தால் புரூசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோயைக் காரணம் காட்டிப் பல வருடமாகக் கொல்கிறார்கள். அந்த நோய் பைசனுக்கு வந்ததே வீட்டு மாட்டிடமிருந்துதான். நோயில்லை என்று உறுதிசெய்த பைசன்களைக் கொல்லாமல் ஃபோர்ட் பெக் பழங்குடிகளிடம் அனுப்பி, அவர்கள் வழியாக மற்ற இனக்குழுக்களுக்குக் கொடுக்கும் வேலை 2019-லிருந்து நடக்கிறது. நூற்றுக்கணக்கான பைசன்கள் அப்படி உயிரோடு ஊர் போயிருக்கின்றன.

இந்த வேலையின் முதுகெலும்பு பழங்குடிகள்தான். இன்டர்டிரைபல் பஃபலோ கவுன்சில் என்ற அவர்களின் கூட்டமைப்பு 1992-லிருந்து இயங்குகிறது. 80-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் இன்று அதில் சேர்ந்திருக்கின்றன. தெற்கு டகோட்டாவில் ரோஸ்பட் ரிசர்வேஷனில் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகை விட்டிருந்த 28,000 ஏக்கரைத் திரும்ப எடுத்து, 2020-ல் வோலகோட்டா என்ற பெயரில் பைசனுக்கு விட்டார்கள். குத்தகைப் பணம் தேவைப்படாத மக்கள் இல்லை அவர்கள். அதை விட்டுக்கொடுத்துப் பைசனை அழைத்து வந்தார்கள்.

இனி என் கோரிக்கை.

வரும் மாட்டுப் பொங்கல் விழாவில் அரை மணி நேரத்தைப் பைசனுக்குக் கொடுங்கள். உங்கள் மாநிலத்தில் இந்த வேலையில் இருக்கும் பழங்குடிக்காரர் ஒருவரை மேடைக்கு அழையுங்கள். ஊரிலிருந்து வரும் பட்டிமன்றப் பேச்சாளருக்கு என்ன மரியாதையும் சன்மானமும் தருகிறோமோ அதையே அவருக்கும் தாருங்கள். தயவுசெய்து நம் பிள்ளைகளுக்குத் தலையில் இறகு வைத்து வேஷம் போட்டு ஆடவிட வேண்டாம், அது அவர்களைப் புண்படுத்தும். அவர் பேசட்டும், நாம் கேட்போம். பிறகு நம் பிள்ளைகள் கொம்புக்கு வண்ணம் பூசுவதைப் பற்றியும், மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுவதைப் பற்றியும் அவருக்குச் சொல்லட்டும்.

அந்த விழாவின் நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்கை மேலே சொன்ன பழங்குடிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். எவ்வளவு என்பது உங்கள் சங்கத்தின் சௌகரியம்.

வாக்குரிமை உள்ளவர்கள் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். பழங்குடிகளின் பைசன் மேலாண்மைக்கு நிலையான நிதி தரும் மசோதா 2021-ல் பிரதிநிதிகள் சபையில் தேறியும் செனட்டில் நின்றுபோனது. ஜல்லிக்கட்டுக்காகக் கையெழுத்து வாங்கிய கை நம்முடையது. எப்படிச் செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்மில் பலர் சைவம், பலர் மாட்டிறைச்சி தொடாதவர்கள். அவர்களை நான் எதையும் தின்னச் சொல்லவில்லை. சாப்பிடுகிறவர்கள் பைசன் இறைச்சி வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசிவரை புல்லில் வளர்ந்ததா, யாருடைய மந்தை? கடைக்காரர் இரண்டு முறை பதில் தெரியாமல் விழித்தால் மூன்றாம் முறை விசாரித்து வைத்திருப்பார்.

வீட்டு முன்னால் இருக்கும் புல்தரையில் ஒரு ஓரத்தையாவது இந்த மண்ணின் புல்லுக்கும் பூச்செடிக்கும் விடுங்கள். பிக் புளூஸ்டம், லிட்டில் புளூஸ்டம், கோன்ஃபிளவர் மூன்றும் போதும், தண்ணீர் கேட்காது. நான் நட்ட முதல் வருடமே எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து களை மண்டிக்கிடப்பதாக நோட்டீஸ் வந்தது, அபராதம் என்றும் மிரட்டினார்கள். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப் பலகை வைத்து, ஓரத்தை நேராக வெட்டிவிட்டு, படம் எடுத்துப் பதில் அனுப்பினேன். இரண்டு மாதம் இழுத்தடித்து விட்டுவிட்டார்கள். இப்போது ஆகஸ்டில் அந்தப் புல் என் தோளுக்கு நிற்கிறது. அடுத்த வீட்டுப் பாட்டி விதை கேட்டு வாங்கிப் போனார்.

பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சிகாகோவாசிகளுக்கு ஃபெர்மிலாப், மிடேவின், கொஞ்சம் மேற்கே போனால் நாச்சூசா. மினியாபொலிஸ்காரர்களுக்கு மேன்கேட்டோ பக்கம் மினியோபா பூங்கா. டென்வரில் இருப்பவர்களுக்கு நகரத்தை ஒட்டியே ராக்கி மவுண்டன் ஆர்சனல், ஒரு காலத்தில் ரசாயன ஆயுதம் செய்த இடம், 2007-லிருந்து பைசன் மேய்கிறது. கேன்சஸ், ஒக்லஹோமாக்காரர்களுக்கு வாசலிலேயே உயர்புல் வெளி இருக்கிறது. ஒக்லஹோமாவில் பவ்ஹஸ்கா பக்கம் 1993-ல் 300 பைசனோடு தொடங்கிய மந்தை இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: குறைந்தது 25 கஜம் தள்ளியே நில்லுங்கள். காளை ஆயிரம் கிலோவைத் தொடும், குதிரை வேகத்தில் ஓடும். வாலைத் தூக்கினால் அதற்குக் கோபம். படம் எடுக்கிறேன் என்று கிட்டப் போய் வருடாவருடம் யாராவது முட்டு வாங்குகிறார்கள்.

நம் ஊர்ப் பிரச்சினையே தலைக்குமேல் இருக்கும்போது இது எதற்கு என்று செயற்குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். காங்கேயத்துக்கு நான் அனுப்பும் பணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை, குறையவும் குறையாது. ஆனால் நம் பிள்ளைகள் பிறந்து வளர்வது இந்த மண்ணில். இங்கே யாருடைய மாடு இருந்தது, யாருடைய காடு இருந்தது என்று தெரியாமல் நாம் பொங்கல் வைத்துக் "பொங்கலோ பொங்கல்" சொல்வது எனக்கு இப்போதெல்லாம் உறுத்துகிறது. பானையில் கொதிக்கும் பால்கூட இந்த மண்ணில் விளைந்ததைத் தின்ற மாட்டின் பால்தான்.

அப்பா இந்த ஏப்ரலில் மறுபடி வருகிறார். கால் முன்போல் இல்லை, வேலிவரை நடத்திக் கூட்டிப்போக ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறேன். மே மாதம் சனிக்கிழமை காலைகளில் ஃபெர்மிலாப் பைசன் வேலியோரம் நாங்கள் இருப்போம். சங்கத்திலிருந்து யார் வந்தாலும் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். சீக்கிரம் வாருங்கள். ஜூலை பிறந்தால் கன்றுகளின் செவலை நிறம் போய்விடும்.

அன்புடன்,
காங்கேயத்துக்காரன் ஒருவன்
இல்லினாய்